படிக்கட்டில் நின்ற சாட்சி

"உள்ளதைச் சொல்லிடுறேன்மா. ஆனா ஒரு கண்டிஷன்" என்றார் முத்துசாமி. "என் வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது."

வக்கீல் சுஷ்மிதா தொண்டையைச் செருமிக்கொண்டார். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் இருக்கும் அவருடைய அலுவலகத்துக்கு போலீஸுக்குப் பயந்தவர்கள் வந்திருக்கிறார்கள், நீதிபதிக்குப் பயந்தவர்கள் வந்திருக்கிறார்கள். இது புது தினுசு.

"ஒரு மனுஷன் உயிர் விஷயம், அங்கிள்."

"அதனாலதான் வந்தேன்லா."

விஷயம் இதுதான். தோ பாயோவில் முத்துசாமி குடியிருக்கும் அதே மாடியில், ரத்னவேலுக்கும் எதிர்வீட்டு சரத்துக்கும் ஒரு செருப்பு அலமாரியால் மூன்று வருஷமாகச் சண்டை. காரிடாரில் அது ஒரு சாண் முன்னால் வந்தால் அவர் கத்துவார், பின்னால் போனால் இவர் கத்துவார். ஒரு சனிக்கிழமை காலை அது கைகலப்பாகி, சுத்தியலால் அடிபட்டு சரத் இறந்துபோனார்.

சுத்தியலை எடுத்துவந்தது யார் என்பதுதான் வழக்கே. நான் இல்லை, அவர்தான் என்று ரத்னவேல் தலைகீழாக நின்று பார்த்தார். பார்த்த சாட்சி ஒருவருமில்லை. கொலைக் குற்றம் உறுதியாகி, தூக்கு என்று தீர்ப்பு வந்துவிட்டது. இனி ரத்னவேலுக்காக சுஷ்மிதா செய்யும் மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி.

சாட்சி இல்லாமல் இல்லை. படிக்கட்டில் ஒளிந்து நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் பாத்தேன்மா. சரத்துதான் சுத்தியலோட வந்தாரு. ரத்னவேலோட தலைக்கு ஓங்கினாரு. இவரு பிடுங்கித் திருப்பி அடிச்சாரு, ஒரே அடி."

"போலீஸ்கிட்ட குளிச்சிட்டிருந்தேன்னு சொல்லியிருக்கீங்களே?"

முத்துசாமி நெளிந்தார். போலீஸ் கேட்டபோது பக்கத்தில் மனைவி ரத்தினம்மா நின்றிருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று கோயிலில் கற்பூரம் அடித்து அவரிடம் சத்தியம் செய்திருந்தார். அந்த வாயால் எப்படிச் சொல்வது? ரத்னவேலை எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார் நம்ம வீராதி வீரர்.

சுஷ்மிதா எதையும் ஒளிக்கவில்லை. கோர்ட்டில் சொன்னால் ஊருக்கே தெரியும், பேப்பரில் வரும் என்றார். முதலில் பொய் சொன்னதற்கு முத்துசாமி மேலேயே கேஸ் வரலாம் என்றார்.

முத்துசாமிக்கு அந்தக் கேஸ் உறைக்கவே இல்லை. ரத்தினம்மாவின் முகம்தான் கண்முன்னால் வந்து நின்றது.

"கண்டிஷனை விட்டுடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

மேல்முறையீட்டில் அவரைக் கூண்டில் ஏற்றித் துருவி எடுத்தார்கள். அன்று எத்தனை சிகரெட் பிடித்தார் என்பதுவரை கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நீதிபதிகள் மூவரும் கொலைக் குற்றத்தை ரத்து செய்து, அதைவிடக் குறைந்த குற்றமாக மாற்றினார்கள். ஜெயில் உண்டு, தூக்கு இல்லை. ரத்னவேலின் மனைவி முத்துசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவரும் சேர்ந்து அழுதார்.

கோர்ட் வாசலுக்கு வந்ததும்தான் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. டாக்ஸியைக் கூப்பிடாமல் அங்கேயே நின்றார்.

"நீங்களும் வீட்டுக்கு வாங்கம்மா. இந்நேரம் நியூஸ்ல வந்திருக்கும். தனியா போக பயமா இருக்கு."

சுஷ்மிதாவால் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தூக்குன்னு தீர்ப்பு வந்த மறுநாளே ஆன்ட்டி என்னைப் பாக்க வந்தாங்க, அங்கிள். அன்னிக்கு உங்க சட்டையில அடிச்ச வாடையிலயே, நீங்க படிக்கட்டுல நின்னது, சிகரெட்டு, எல்லாமே அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு."

முத்துசாமி விரல்விட்டு நாட்களை எண்ணினார்.

"அப்ப ஏம்மா என்னைக் கூப்பிடல? நான் வந்தது ஆறு நாள் கழிச்சு."

"கூப்பிடத்தான் போனேன். அவங்கதான் போனைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'எனக்குப் பயந்துதான் பொய் சொல்லிட்டாரு, தப்பு என் மேலயும் இருக்கு. ஒரு வாரம் பொறுத்துக்கம்மா, அவரே வருவாரு. ஒரு உயிர் போறதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கிற மனுஷனுக்கு நான் வாக்கப்படல'ன்னாங்க."