மூன்றும் பச்சை

"கை வைக்காதீங்கப்பா! முதல்ல பவரை ஆஃப் பண்ணுங்க!"

மகள் போட்ட சத்தத்தில் பட்டறை முதலாளி நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

காலையிலிருந்து, கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடையும் அந்தப் பழைய சி.என்.சி. மெஷின் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் திரையில் ஒரே ஒரு வரி: 'டிரைவிடமிருந்து பதில் இல்லை.' மோட்டார்களை ஓட்டும் பெட்டிகள்தான் டிரைவ்; அவை பதில் தராமல் ஓர் இம்மி நகர மாட்டேன் என்றது.

நாலு மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார். அவர் கண்முன்னே மாதிரிப் பீஸ் ஒன்றை ஓட்டிக் காட்டினால் வருஷம் முழுக்க வேலை. இல்லையென்றால் ஆர்டர் மேலத்தெருப் பட்டறைக்கு. இப்போது மணி மூன்றேகால்.

"மேலத்தெருக்காரன் இந்நேரம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்!"

"கொஞ்சம் சும்மா இருங்கப்பா, லைன்ல இருக்கார்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தாள் மகள். மெஷின் பழுது பார்க்கும் வேலையை மாலை வகுப்பில் படிக்கிறாள். எதையும் நோட்டில் எழுதி, "சரிதானே?" என்று தன்னையே இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் தொடுவாள்.

"யாரு, உங்க வாத்தியாரா?"

அவள் காதில் அது விழவில்லை. "மொத்தம் மூணு டிரைவ். முதல்ல இருக்கிறதுல விளக்கு பச்சை. மத்த ரெண்டும் சிவப்பு... ஆமா, நல்லாப் பார்த்துட்டேன். இருங்க, இன்னொரு தடவை பார்த்துடறேன். ஆமா, அப்படித்தான்."

போனில் இரும்புக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பேச்சே இல்லை.

"என்ன, தூங்கிட்டாரா?"

"தேடறார்ப்பா!"

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். முதலாளி கடிகாரத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணுமே சிவப்பான்னா கேக்கறீங்க? இல்லீங்களே, முதல் விளக்கு பச்சைதான்... சரி, சரி, அப்ப அது இல்லை."

நோட்டில் ஒரு வரியை அடித்தாள். திடீரென்று மகள் துள்ளிக் குதித்தாள்.

"அதேதானா? அப்படியேவா? அப்பா, முதல் டிரைவ்ல இருந்து ரெண்டாவதுக்குப் போகுதே, அந்தக் கேபிள்!"

பவரை நிறுத்திக் கேபிளைக் கழற்றினாள். முனையில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பிக் கிடந்தது. துடைத்து, உலர்த்தி, அழுத்திச் சொருகினாள்.

"சரியா மாட்டியிருக்கேனான்னு தெரியலையேப்பா..."

"போடும்மா! ஆனது ஆகட்டும்!"

போட்டாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு... பச்சை. பச்சை. பச்சை!

"வந்துடுச்சுடி என் செல்லமே! மேலத்தெருக்காரன் மூஞ்சியில கரி!"

மேசையில் தாளம் போட்டு ஓர் ஆட்டமே ஆடிவிட்ட முதலாளி, மகளிடமிருந்து போனைப் பிடுங்கினார்.

"சார், நீங்க தெய்வம் சார்! மெஷினைக் கண்ணால கூடப் பார்க்காம எப்படி சார் இவ்வளவு கரெக்டா சொன்னீங்க?"

மறுமுனையில் ஒரு கனைப்பு. ஆறு வருஷமாக அவரோடு பேசாத ஒரு குரல்.

"பாகம் பிரிச்சப்ப உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கிட்ட ஜோடி மெஷின்தானேடா இது? உன்னோடதுல வந்த அதே கோளாறு என்னோடதுலயும் வர்ற வரைக்கும், ஒவ்வொரு கேபிளா பிடுங்கிப் பார்த்தேன்" என்றார், மேலத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய அண்ணன்.