குரல் இருந்த இடம்

அவன் குரலை அழிப்பதற்காக அவள் கணினி முன் உட்கார்ந்தாள்.

மூக்கு நுனியில் கோபம். தொண்டைப் பரிசோதனைக்கு இன்றும் வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டான் பெர்னாந்து. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவனுக்குப் பேச்சு இல்லை. பேசாதவனோடு எப்படிச் சண்டை போடுவது?

அதற்கும் ஜெசிந்தா ஒரு வழி வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு கப்பலிலிருந்து அவன் பேசி அனுப்பிய பதிவுகள் இருந்தன. அலைச் சத்தம், நடுவே அவன். பழைய கணினியின் முகப்பில் 'குரல்' என்று ஒரு ஷார்ட்கட், அந்தப் பதிவுகளைத் திறக்கும் சிறு படம். சண்டை வந்தால் அதைத் தூக்கிக் குப்பையில் போடுவாள். பதிவுகள் வேறெங்கோ பத்திரமாக இருப்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவன் பதறுவது போல் நடிப்பான். சாயங்காலம் ஷார்ட்கட் திரும்ப வந்துவிடும். சேர்ந்து கண்மூடிக் கேட்பார்கள்.

இப்போது இருப்பது லினக்ஸ் ஓடும் புதுக் கணினி. இதிலும் அவளுக்காக 'குரல்' என்று ஒன்றை வைத்திருந்தான். கறுப்புத் திரையில் தட்டச் சில கட்டளைகளும் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். பிறகு, குரல்.

அந்தப் பெயரோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரமும் சேர்த்தாள். உள்ளே இருப்பது எல்லாம் என்று பொருள்.

கணினி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஜன்னலில் உப்புக் காற்று. அப்படியே கண்ணயர்ந்தாள். அரைத்தூக்கத்தில் அலை வந்தது. அலைக்குள் அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

அவள் விழித்தபோது அவன் காலில் மணலோடு நின்றான்.

"கோவம்லாம் போயிட்டுங்க. எடுத்து வைங்க, கேப்போம்," என்றாள்.

சிரித்தபடி உட்கார்ந்து தட்டினான். மறுபடி தட்டினான். விரல்கள் நின்றன.

கைப்பேசியில் எழுதிக் காட்டினான்.

'முன்ன இருந்தது விலாசச் சீட்டு. கிழிச்சாலும் வீடு நிக்கும். இது லிங்க். வாசல் மாதிரி. நீ வீட்டுக்குள்ளயே போய் எல்லாத்தையும் அழிச்சிட்ட.'

"வேற நகல்?" என்றாள்.

இல்லை என்று தலையசைத்தான்.

உலகத்தில் மிச்சமிருந்த அவன் குரல். தன் கையாலேயே. அந்தக் கையை மேஜையில் ஓங்கி அடித்தாள். அடுத்த அடி விழுமுன் அவன் பிடித்துக்கொண்டான்.

மெல்ல அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். உதடுகளை அசைத்தான்.

பேச்சுப் போனதிலிருந்து அந்த உதடுகளை அவள் பார்த்ததே இல்லை. கேட்பதற்குப் பதிவுகள் இருந்தன, பார்ப்பானேன்?

இப்போது பார்த்தாள். முதல் சொல் மட்டும் பிடிபட்டது. அவள் பெயர்.

"மெதுவா," என்றாள். "இன்னொரு தரம் சொல்லுங்க."

அவன் முதலிலிருந்து தொடங்கினான்.