நலம் விசாரித்த செல்

ஓர் உடம்புக்குள் ரோந்து சுற்றும் காவல் செல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு செல்லும் தான் உள்ளே சமைப்பதில் ஒரு சிட்டிகையை வாசலில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதில் கோளாறு தெரிந்தால் காவல் செல் அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடும்.

அன்றைக்கு நுரையீரல் ஓரத்தில் ஒரு வாசல் மட்டும் காலியாக இருந்தது. "எங்கேய்யா சாம்பிள்?" என்று காவல் செல் அதட்டியது.

"இதோ எடுத்துட்டு வரேன் அண்ணே. காலையிலேர்ந்து அலையுறீங்களே, சாப்பிட்டீங்களா? முதல்ல கையைக் கொடுங்க" என்று உள்ளிருந்த செல் மெல்லிய குழாய் போன்ற கை ஒன்றை நீட்டியது.

இத்தனை நாள் ரோந்தில் இப்படிக் கேட்டவர்கள் யாருமில்லை. காவல் செல் உருகிப்போய்க் கையைக் கொடுத்தது. மேலதிகாரி செய்யும் கொடுமையையெல்லாம் கொட்டித் தீர்த்தது. அந்தச் செல்லும் "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தது.

பேசப் பேசக் காவல் செல்லுக்குத் தலை சுற்றியது. பசியாக இருக்கும் என்று நினைத்தது. தற்செயலாகக் குழாய்க்குள் பார்த்தபோதுதான் அதற்குப் பகீரென்றது. தனக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன! அந்தத் தெம்பில் அங்கே கை நீட்டிய ஒரு செல் இரண்டு செல்லாகி நின்றது.

"புற்று! புற்று!" என்று கத்த வாயைத் திறந்தது. காற்றுகூட வரவில்லை.

அந்த வழியாக இன்னொரு காவல் செல் வந்தது. "யாரு இது, டூட்டி நேரத்துல படுத்துக் கிடக்கிறது?"

"பாவம், அசதி போல. நீங்க சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று இரண்டு கைகள் நீண்டன.