ஏழு கட்டங்கள்

அழைப்பு மணி அடித்ததும் அவள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான். வாசலில் நின்று, கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு பார்சலை வாங்கிவிட்டிருந்தான்.

"கேமரா டிஸ்க் வந்துடுச்சு அண்ணி."

"நீங்க எப்படி சரியா இந்த நேரத்துக்கு..."

"கூரியர் ஆபீசுல சொல்லி வெச்சிருந்தேன்."

அவள் கையை நீட்டினாள். "குடுங்க தம்பி. ஆள் வெச்சு மாட்டிக்கறேன்."

"ஆள் எதுக்கு? நான் ஒருத்தன் இருக்கேன்ல?" என்று சட்டைப் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாண போட்டோவில்கூட அந்த ஸ்க்ரூ டிரைவர் பையில் எட்டிப் பார்க்கும் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே வந்தவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான்.

அவள் கணவன் மாடிப்படியில் விழுந்து இறந்து ஐந்து வாரம் ஆகிறது. கால் இடறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அன்று காலை தம்பிக்காரன் வந்து, அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணனிடம் தொண்டை கிழியக் கத்தியது எதிர்வீடு வரை கேட்டிருந்தது. அதிலிருந்து அவன் தலையைக் கண்டாலே தெருவில் பேச்சு நின்றுவிடும்.

வாசலில் வைத்துவிட்டுப் போகும் பார்சல்கள் காணாமல் போகின்றன என்று கணவன் ஒரு கேமரா வாங்கினான். வாங்கியது திருடனுக்காக. மாட்டியதோ வீட்டுக்குள், படிக்கட்டின் பக்கச் சுவரில். அவள் செருப்பு மாட்டினால் போதும், ஆபீசிலிருந்து போன் வந்துவிடும். "எங்க கிளம்பிட்ட?"

அடக்கம் முடிந்த மறுநாளே கொழுந்தன் கேட்டுவிட்டான். "அண்ணி, அன்னிக்கு நான் எத்தனை மணிக்குப் போனேன்னு கேமராவுல இருக்கும்ல?"

அவள் சட்டென்று சொன்னாள். "அது பதிவாகிற டிஸ்க் வேலை செய்யல தம்பி. வாரண்டி இருக்கு. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டு புதுசு வாங்கணும்."

அன்று மதியமே டிஸ்க்கைக் கழற்றி, பழைய துண்டில் சுற்றி, பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டாள். அது வீட்டை விட்டுப் போன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

தபாலில் சாமான் வாங்குவதும் திருப்புவதும் அதுவரை கணவனின் வேலை. கம்பெனியின் ஆன்லைன் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பூதக்கண்ணாடி கேட்கும் பொடி எழுத்து. "எல்லாத்துலயும் டிக் போட்டுடு, இல்லன்னா பக்கம் நகராது" என்று அவன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஏழிலும் போட்டாள். மனசு ஆறாமல் கம்பெனிக்குப் போனும் செய்தாள்.

"நான் அனுப்பின டிஸ்க் திரும்ப வராதுல்ல?"

"வராது மேடம். புதுசுதான் வரும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா மேடம்."

மறுநாளும் போன் செய்து அதையே கேட்டாள். போனை எடுத்த பெண் பொறுமைசாலி, அதே பதிலைச் சொன்னாள். கொழுந்தனுக்குத்தான் பொறுமை இல்லை. தினமும் காலையில் போன் வந்தது. "டிஸ்க் வந்துடுச்சா அண்ணி?"

இப்போது அவன் ஸ்க்ரூ டிரைவரின் முனையால் பெட்டியைக் கிழித்தான். டிஸ்க்கோடு ஒரு கடிதமும் விழுந்தது. குனிந்து எடுத்து உரக்கப் படித்தான்.

"'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தாங்கள் அனுப்பிய டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லை. இருந்தாலும் தங்கள் திருப்திக்காகப் புதியது அனுப்புகிறோம். படிவத்தின் ஆறாவது கட்டத்தில் தாங்கள் கேட்டுக்கொண்டபடி, பழையதில் இருந்த பதிவுகள் அனைத்தையும் இதில் இலவசமாக நகல் எடுத்துத் தந்திருக்கிறோம். எங்கள் சேவை பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் வழங்கவும்.'"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "பழுதே இல்லையாமே அண்ணி."

"எனக்கு... எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? முதல்ல சாப்பிடுங்க தம்பி. அப்புறமா பார்க்கலாம்."

"அஞ்சு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. இதைப் பார்த்துட்டுத்தான் சாப்பாடு."

அண்ணனின் மேஜை இழுப்பறையில் கேபிள் கிடந்தது. கம்ப்யூட்டரில் சொருகினான். தேதிவாரியாகப் பதிவுகள் வரிசை கட்டி நின்றன. அவன் விரல் அந்தத் தேதியில் வந்து நின்றது. அவள் மெல்லப் பின்வாங்கி, வாசல் கதவில் முதுகு முட்ட நின்றாள்.

திரையில் படிக்கட்டு தெரிந்தது. மணி பத்து ஐந்து. கையை நீட்டிக் கத்திவிட்டு அவன் வெளியேறுகிறான். கதவு அதிரச் சாத்திக்கொள்கிறது. படம் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து பதினொன்றுக்கு அண்ணன் போனைப் பார்த்தபடி மேல்படியில் வந்து நின்றான்.

கொழுந்தன் படத்தை நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி ஓடவிட்டு, மறுபடி அதே இடத்தில் நிறுத்தினான்.

அவள் கை தாழ்ப்பாளைத் தேடியது. அது இறுகியிருந்தது.

அவன் ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். திரையை விட்டுத் திரும்பாமலே கேட்டான்.

"அண்ணன் முதுகுல இருக்கிறது உங்க கைதானே அண்ணி?"