பாம்புக்கு எடுத்த கோப்பை

என் கணவர் நெவில் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு அந்த மலைப்பாம்புக் குட்டியை வாங்கி வந்தார். ஃப்ரீசரில் உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்க என் தேநீர்க் கோப்பையைத்தான் எடுப்பார். எங்கள் கடைசிச் சண்டையும் அதற்காகத்தான்.

அவர் போனபின் பாம்பு என் கையால் தின்னவில்லை. சனிக்கிழமைதோறும் ஜாம் பாட்டிலில் எலியை இளக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டினேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏழு எலிகள் குப்பைக்குப் போயின.

பாம்பை விற்ற டேரிலை ஃபோனில் அழைத்தேன்.

"சூடு பத்தல போல, மோரின். நம்ம டூவூம்பா ஊர்க் குளிர் வேற."

"இதுக்கு மேல சூடாக்கினா சூப்புதான் வைக்கணும்."

"இந்த வாரமும் தின்னலேன்னா பொழைக்காது. அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

"உங்களை எதுக்குத் திட்டப்போறேன்? என் தலையில கட்டிட்டுப் போன ஆளைத்தான் திட்டுறேன்."

அந்தச் சனிக்கிழமை காலை எலியைப் பாட்டிலில் போட்டுவிட்டு, கொல்லையில் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தபோது பாட்டிலில் தண்ணீர் மட்டும் இருந்தது. பாம்பின் நடுவயிறு புடைத்திருந்தது. மேசையில் ஈர இடுக்கி. அதன் பக்கத்தில் என் கோப்பை. ஆவி பறக்கும் வெந்நீரில் இரண்டு எலி மயிர்கள் மிதந்தன.

"எத்தனை தடவை சொல்றது நெவில், என் கோப்பைய எடுக்காதன்னு?" என்றேன்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போய் எனக்கு வேறு கோப்பை வாங்கினேன். பழையதைக் கழுவி, அவர் கைக்கு எட்டும்படி ஃப்ரீசர் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.