முதலாம் ஆண்டின் வணக்கம்

ஜொகூர் மாநிலத்தில் காஹாங் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் என் மகள் லோஷினி முதலாம் ஆண்டு, அதாவது ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் மூன்றே பிள்ளைகள். புதிதாக யாரும் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அதனால் தன் பாடங்களைப் படம்பிடித்து முகநூலில் ஆசிரியர் குழுவில் போட ஆரம்பித்தாள். கைப்பேசியைப் பிடிப்பது நான்தான். லாரி ஓட்டிய கை, ஆடாது.

முதல் நாள் மூன்று பிள்ளைகளும் எழுந்து, "வணக்கம் ஆசிரியை" என்றார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால், ஒரு மண்டபமே எழுந்து நின்று சொன்னதுபோல் கேட்டது.

"அப்பா, என்னா பண்ணீங்க?"

"எனக்கு அந்தச் சிவப்புப் பொத்தானைத் தவிர ஒன்னும் தெரியாதும்மா."

உலு திராம் ஆசிரியர் ஒருவர், "என்னா உற்சாகம் டீச்சர்! வகுப்புல எத்தனை பேரு?" என்று எழுதினார். "மூனு பேரு சார்" என்றாள். "சும்மா சொல்லாதீங்க லா" என்று பதில் வந்தது. காணொளி ஜொகூர் முழுக்கச் சுற்றியது. குளுவாங்கிலிருந்துகூடப் பெற்றோர் வந்து பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பள்ளி பிழைத்தது. இதை நான் கடைத்தெருவில் சொல்லாத ஆள் இல்லை.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்த அன்றும் படம்பிடிக்கப் போனேன். புதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தன.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க."

"எல்லாத்துலயும் ஆளு இருக்காங்க டீச்சர்."

லோஷினி நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு மண்டபத்துக்குப் போய் இன்னும் பன்னிரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டாள். உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்பிவிடுகிற வழக்கம் என் மகளுக்குக் கிடையாது.