எதிர் பால்கனியில் ஒரு குடை

எதிர் பால்கனி இன்றைக்கும் காலியாக இருந்தது.

ஓவியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வாளிக்குள் தலைகீழாக நின்ற நாற்காலி இல்லை. செருப்பு மாட்டிய துடைப்பம் இல்லை. கழுவிவிட்ட தரை மட்டும் பளபளத்தது.

"போச்சு. ஒரேயடியா சுத்தம் பண்ணிட்டான் மனுஷன்."

"நீங்கதானே புகார் கொடுத்தீங்க?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

உண்மைதான். போன வாரம் பேட்டி எடுக்க ஒரு பத்திரிகையிலிருந்து வருவதாக இருந்தது. ஜன்னலோரம் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். பின்னணியில் அந்தக் குப்பை விழுந்தால் அழகு கெடும் என்று குடியிருப்புச் செயலாளரிடம் சொல்லியிருந்தார்.

சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஓவியர் சமீபத்தில் வரைந்த புத்தக அட்டைகளின் அசல்கள் அத்தனையும் அந்தப் பின்னணியில் வரிசையாக நின்றிருக்கும். வாளி நாற்காலி ஓர் அரசியல் நூலுக்குப் போனது. துடைப்பச் செருப்பு கவிதைத் தொகுப்புக்கு. அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது.

"இந்தக் கற்பனையெல்லாம் எங்கேயிருந்து சார் வருது?" என்று பேட்டியில் கேட்டார்கள்.

"உள்ளேயிருந்து" என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெஞ்சைத் தொட்டார் ஓவியர்.

இப்போது போன் அடித்தது. பதிப்பாளர்.

"அட்டை சாயந்தரம் அச்சுக்குப் போகணும் சார். முடியலைன்னா சொல்லிடுங்க, இனிமே வேற ஆளை வச்சுக்கறோம். உள்ளேயிருந்து வெளியே வர எவ்வளவு நேரம்தான் ஆகும்?"

ஓவியர் வெள்ளைத் தாளைப் பார்த்தார். தாளும் அவரைப் பார்த்தது.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நேரா போய்க் கேளுங்களேன்."

"என்னன்னு கேக்கறது? குப்பை போடுங்கன்னா?"

"வேற வழி?"

எதிர்வீட்டுக் கதவை ஆடிட்டர் திறந்தார். ஓவியர் வாசலில் கோணலாகக் கழற்றிவிட்ட செருப்பைக் குனிந்து நேராக வைத்துவிட்டுத்தான் அவர் "வாங்க சார்" என்றார்.

"ஒண்ணுமில்லை... உங்க பால்கனி வெறிச்சுன்னு இருக்கு. பார்க்க நல்லாயில்லை."

"நல்லாயில்லைன்னு நீங்கதானே சார் புகார் கொடுத்தீங்க?"

"அது வேற நல்லாயில்லை. இது வேற."

ஓவியர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். செய்தித்தாள்கள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. பென்சில்கள் உயர வரிசைப்படி நின்றன. மேசை விரிப்பு ஒரு மூலையில் லேசாக மடங்கியிருந்தது. ஆடிட்டரின் கை தானாகப் போய் அதை நீவிவிட்டது.

"வீட்டை இப்படி வச்சிருக்கறவர், பால்கனியை மட்டும் ஏன் சார் அந்த லட்சணத்துல வச்சிருந்தீங்க?"

ஆடிட்டர் கொஞ்சம் நெளிந்தார்.

"நான் குடிவந்த புதுசுல நீங்க ஜன்னல்கிட்ட வெள்ளைத் தாளை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. கிழிப்பீங்க. திரும்ப உட்காருவீங்க. ஒருநாள் அழுதுட்டு இருந்தீங்க."

"தூசி விழுந்திருக்கும்."

"இருக்கலாம். அன்னைக்குக் காத்துல என் குடை பறந்து பால்கனிப் பூந்தொட்டிமேல கவிழ்ந்துது. எடுக்க வந்தேன். பார்த்தா, நீங்க அதை வரைஞ்சுட்டு இருக்கீங்க. எடுக்க மனசு வரலை."

ஓவியர் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குடைதான் அவருடைய முதல் வெற்றி.

"அதுலேர்ந்து தினமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு எதையாவது தப்பா வச்சுட்டுத்தான் ஆபீசுக்குப் போவேன். எனக்குக் கலையெல்லாம் தெரியாது சார். ஆபீசுக்குப் போயும் வேலை ஓடாது. நாற்காலி தலைகீழா நிக்குதேன்னு மனசு பதறும். நீங்க புகார் கொடுத்ததும், சரி, இனிமே உங்களுக்குத் தானா வருதுபோலன்னு நினைச்சேன். சந்தோஷமா எல்லாத்தையும் அடுக்கி வச்சேன்."

சுவர்க்கடிகாரம் அடித்தது. சாயந்தரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆடிட்டர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். மூலையில் மாட்டியிருந்த குடையை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க சார். இதை எங்கே தப்பா வைக்கட்டும்?"